வெயிட் குறைக்க மாத்திரையா ஊசியா? ரெண்டும் எடுத்துப் பார்த்தவளோட ரிவ்யூ

ஊசின்னா பயம், அதனால மாத்திரையே போதும்னு முடிவு பண்றவங்க முதல்ல உங்க வீட்டுக் காலை நேரம் எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க. நான் செமாக்ளூடைட்ங்கற மருந்தை (சுகரையும் பசியையும் குறைக்கறது) மாத்திரையா எடுத்திருக்கேன், இப்ப அதே மருந்தை வாரத்துக்கு ஒரு தடவை ஊசியா போட்டுக்கறேன், சென்னைல என் தங்கச்சி மவுன்ஜாரோங்கற இன்னொரு வார ஊசி போட்டுக்கறா, ஸோ மூணையும் கிட்ட இருந்து பார்த்தாச்சு. என்னைக் கேட்டா ஊசிதான் ஈஸி. சும்மா தைரியத்துக்காக சொல்லல, நிஜமாவே மாத்திரைக்குத்தான் பாடு ஜாஸ்தி.

என்னைப் பத்தி கொஞ்சம். ஊரு திருச்சி, வயசு நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு, சுகர் இருக்கு, தைராய்டும் இருக்கு, நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தருக்காவது இந்த காம்பினேஷன் இருக்கும். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை ஓடிட்டே இருந்துச்சு, சுகரும் ஒழுங்கா இறங்கல, வெயிட்டும் ஏறிட்டே போச்சு, தில்லைநகர்ல நான் பார்க்கற சுகர் டாக்டர்தான் ரைபெல்சஸ் மாத்திரை எழுதினார், செமாக்ளூடைட் மாத்திரையோட பிராண்ட் பேர் அதுதான். இது 2022 ஜனவரியிலேயே இந்தியாவுக்கு வந்துடுச்சு, இங்க இதுக்கு அனுமதி டைப் 2 சுகருக்குத்தான், வெயிட் குறையறது கூடவே கிடைக்கற லாபம். சுகரே இல்லாதவங்க மெடிக்கல்ல போய் "அந்த வெயிட் மாத்திரை குடுங்க"ன்னு கேக்கறதா கேள்விப்படறேன், தயவுசெஞ்சு வேண்டாம், டாக்டர் பார்த்து எழுதாம தொடவே கூடாத மருந்து இது.

மாத்திரை 3, 7, 14 எம்ஜின்னு மூணு அளவுல வருது. 3 எம்ஜி ஒரு மாசம், அது சும்மா வயித்தைப் பழக்கறதுக்குத்தான், சுகரும் பெருசா இறங்காது, வெயிட்டும் இறங்காது, முதல் மாசம் முடிஞ்சு "ஒண்ணுமே ஆகலையே"ன்னு நினைக்கறவங்க ஏமாற வேண்டாம். அப்புறம் 7, தேவைப்பட்டா 14.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த மாத்திரையை எப்படி முழுங்கணும்னு ஒரு சட்டமே இருக்கு. காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணி மட்டும், அதுவும் 120 மில்லிக்கு மேல போகக் கூடாது, நம்ம காபி டம்ளர்ல முக்கால் டம்ளர்கூட வராது. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, (14-ஐ ரெண்டா உடைச்சு காசு மிச்சம் பிடிக்கலாமான்னு கேட்டவங்களுக்கும் இதே பதில்தான்), அட்டையில இருந்து முன்கூட்டியே பிரிச்சு டப்பால போட்டு வைக்கவும் கூடாது ஏன்னா ஈரக்காத்து பட்டா போச்சு. முழுங்கின அப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் ஒண்ணுமே உள்ள போகக் கூடாது, காபி, டீ, வேற மாத்திரை, எதுவும்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, செமாக்ளூடைட் ஒரு புரத வகை மருந்து, சாதாரணமா வாய் வழியா போனா வயித்துல இருக்கற ஆசிடும் என்சைமும் அதைச் செரிச்சே தீர்த்துடும். அதனால எஸ்என்ஏசின்னு ஒரு பொருளை 300 எம்ஜி கூடச் சேர்த்திருக்காங்க, அது மாத்திரை கரையற இடத்துல மட்டும் ஆசிடைக் கொஞ்ச நேரம் தணிச்சு மருந்தை வயித்துச் சுவர் வழியாவே ரத்தத்துல ஏத்தி விடுது. அப்படியும் ரத்தத்துக்குப் போறது ஒரு சதவீதத்துக்குப் பக்கம்தான்! தினமும் 14 எம்ஜின்னா வாரத்துக்கு 98 எம்ஜி முழுங்கறோம், அதுல இருந்து ஊசிக்கு மாறும்போது டாக்டர் எனக்கு எழுதினது வாரத்துக்கு 0.5 எம்ஜி. முதல்ல டாக்டர் தப்பா எழுதிட்டாரோன்னு சீட்டை ரெண்டு தடவை பார்த்தேன், அப்புறம்தான் அவர் கணக்கைச் சொன்னார். உள்ள போறதே ஒரு துளிங்கறப்ப, அளவுக்கு மேல ரெண்டு வாய் தண்ணி குடிச்சாலோ பத்து நிமிஷம் முன்னாடியே காபி குடிச்சாலோ அந்தத் துளியும் குறைஞ்சுடும், முன்னூறு ரூபாய்க்கு மேல குடுத்து வாங்கின மாத்திரை வீணாப் போயிடும்.

இதுல தைராய்டு மாத்திரை வேற இருக்கு பாருங்க. அதுவும் வெறும் வயித்து மாத்திரைதான். ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. அஞ்சரைக்கு எழுந்து ரைபெல்சஸ், ஆறு மணிக்கு தைராய்டு, அதுக்கு மறுபடியும் அரை மணியாவது காத்திருக்கணும், ஆக டிகாக்ஷன் இறங்கி வாசனை வீடு பூரா பரவி, வீட்டுக்காரர் ரெண்டாவது டம்ளர் குடிச்சுட்டு பேப்பர் படிச்சு முடிச்சிருப்பார், நான் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன். ஸ்கூல் வேன் வர வீட்டுல, நைட் ஷிஃப்ட் போறவங்க வீட்டுல இது எப்படி ஒத்து வரும்னு தெரியல. மார்கழில கோயில்ல சுடச்சுட பொங்கல் தொன்னையில கையில குடுப்பாங்க, "அரை மணி கழிச்சு சாப்பிடறேன் மாமி"ன்னா அவங்க பார்க்கற பார்வை இருக்கே.

அப்புறம் டாக்டர் தைராய்டு மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினார், சாப்பிட்டு மூணு மணி நேரமாவது கழிச்சு. இன்னொண்ணும் சொன்னார், இந்த செமாக்ளூடைட் மாத்திரை கூட இருந்தா தைராய்டு மருந்து உடம்புல சேர்ற அளவு மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூடலாமாம், அதனால டிஎஸ்ஹெச் டெஸ்ட் (தைராய்டு சரியா இருக்கான்னு பார்க்கற ரத்த டெஸ்ட்) எடுத்துப் பார்த்தே ஆகணும். தைராய்டு இருக்கறவங்க இதை உங்க டாக்டர்கிட்ட நீங்களே ஞாபகப்படுத்துங்க, சுகருக்கு ஒரு டாக்டர் தைராய்டுக்கு ஒரு டாக்டர்னு பார்க்கறவங்களுக்கு இது நடுவுல விழுந்துடும்.

ரிசல்ட் எப்படின்னா, மோசம் இல்ல. பசி அடங்குச்சு, சாயங்காலம் நாலு மணி ஆனா பஜ்ஜி கடை பக்கம் கால் தானா போறது நின்னுச்சு, சுகர் நல்லாவே இறங்குச்சு. வெயிட் மெதுவாத்தான். ஆராய்ச்சிலயே 14 எம்ஜிக்கு 26 வாரத்துல சராசரியா 4.4 கிலோதான் குறைஞ்சிருக்கு, எனக்கும் ஏறக்குறைய அந்த வேகம்தான். இன்ஸ்டால காட்டற மாதிரி ஆளே மாறற கதை எல்லாம் இந்த மாத்திரைல எதிர்பார்க்காதீங்க.

2025 டிசம்பர்ல ஓசெம்பிக் ஊசி (இதே செமாக்ளூடைட்தான்) இந்தியாவுல அதிகாரபூர்வமா வந்துச்சு, அதுக்கப்புறம்தான் மாறினேன். பேனா மாதிரி இருக்கு, ஒரு பேனால நாலு டோஸ், அதாவது ஒரு மாசம். ஊசி முனை நாலு மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி மெல்லிசு. வயித்துல தொப்புள்ல இருந்து கொஞ்சம் தள்ளி, இல்ல தொடையில, இல்ல மேல்கையில, ஒவ்வொரு வாரமும் இடம் மாத்திப் போடணும். புது பேனான்னா முதல் தடவை ஒரு சொட்டு வெளிய வருதான்னு பார்த்துக்கணும், அப்புறம் டயலைத் திருப்பி, குத்தி, பட்டனை அமுக்கிட்டு, கவுண்ட்டர்ல பூஜ்யம் வந்ததும் உடனே எடுக்காம மெதுவா ஆறு எண்ணிட்டுத்தான் எடுக்கணும், இல்லன்னா மருந்து தோல் மேலயே சொட்டும். நான் ஸ்கூல்ல தடுப்பூசி போட வந்தா பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்ச கேஸு, எனக்கே இது வலிக்கல. சுகர் டெஸ்ட்டுக்கு விரல்ல குத்தறதுதான் இதைவிட வலிக்கும்.

தைராய்டு மாத்திரை ராத்திரில இருந்து மறுபடி காலைக்கு வந்துடுச்சு, அரை மணி கழிச்சு காபி, பழைய வாழ்க்கை திரும்பிடுச்சு. இதுக்காகவே ஊசிக்கு ஒரு ஸ்டார் கூடக் குடுப்பேன்.

ஆனா எந்தக் கிழமை போடறோம்ங்கறது முக்கியம். எனக்கு போட்ட மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் குமட்டல். சனிக்கிழமை போட ஆரம்பிச்சேன், ஞாயித்துக்கிழமை வீட்ல மட்டன் வாசனை வந்தாலே எழுந்து மொட்டை மாடிக்குப் போயிடுவேன், அழுகின முட்டை வாடையோட ஏப்பம் வேற. செவ்வாய்க்கு மாத்தினதும் ஞாயிறு நல்லா இருக்கு. கிழமை மாத்தறதுன்னா ஓசெம்பிக்குக்கு ரெண்டு ஊசிக்கு நடுவுல குறைஞ்சது 48 மணி நேரம் இருக்கணும், மவுன்ஜாரோன்னா 72 மணி நேரம். டோஸ் மறந்துட்டா ஓசெம்பிக்னா அஞ்சு நாளுக்குள்ள போட்டுக்கலாம், மவுன்ஜாரோன்னா நாலு நாளுக்குள்ள, அதுக்கு மேல போயிட்டா விட்டுட்டு அடுத்த வாரம்தான், ரெண்டு டோஸைச் சேர்த்துப் போடற வேலையே கூடாது.

ஊசியோட நிஜமான தலைவலி ஃபிரிட்ஜ். திறக்காத பேனா 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், உறைஞ்சுட்டா குப்பைதான், அதனால ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீங்க, நடுத்தட்டுல தயிர் கிண்ணத்துக்குப் பக்கத்துல ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேன். திறந்த அப்புறம் ஆறு வாரம் வரைக்கும் வெளிய வைக்கலாம்னு போட்டிருக்கான், ஆனா 30 டிகிரிக்குள்ளயாம், திருச்சில மே மாசப் பகல்ல 30 டிகிரி எங்க இருக்கு. இங்க ஒரு மெடிக்கல்ல (பேர் வேண்டாம்) மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல பேனாவை வெறும் கேரி பேக்ல போட்டு நீட்டினாங்க, ஐஸ் பேக் எங்கன்னா "பக்கம்தானே மேடம், வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க"ன்னாங்க, எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய் மருந்து! வாங்காம வந்துட்டேன். இப்ப வாங்கற கடைல தெர்மாகோல் பாக்ஸ்ல ஜெல் பேக் வச்சுத்தான் தராங்க, பில்லோட பேட்ச் நம்பரும் போட்டுத் தராங்க, இந்த ரெண்டும் இல்லாத கடைல வாங்கவே வாங்காதீங்க. இந்த விஷயத்துல மட்டும் மாத்திரை ஜெயிச்சுடுச்சு, ஹேண்ட்பேக்ல ஒரு அட்டையைப் போட்டுட்டு கும்பகோணமோ காசியோ எங்க வேணா போகலாம்.

தங்கச்சி கதை வேற. அவளுக்கு சுகர் இல்ல, பிஎம்ஐ (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 30-க்கு மேல, மூட்டு வலி. மவுன்ஜாரோ 2025 மார்ச்ல இங்க வந்தப்ப குப்பியாத்தான் வந்துச்சு, 2.5 எம்ஜி குப்பி ஒண்ணு 3,500 ரூபாய், 5 எம்ஜி 4,375, வாரத்துக்கு ஒண்ணு உடைச்சு இன்சுலின் சிரிஞ்சுல இழுத்துப் போடணும். அவ வீட்டுக்காரர்தான் போட்டு விடுவார், காத்துக் குமிழி வந்துடுச்சான்னு வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பார்த்துட்டு ரெண்டு பேரும் பண்ற கூத்து வீடியோ காலில் பார்க்கணுமே. ஆகஸ்ட்ல பேனா வந்ததும் அதுக்கு மாறிட்டா. அந்தப் பேனால நாலு டோஸ் முடிஞ்சும் உள்ள கொஞ்சம் மருந்து நிக்கும், அதை சிரிஞ்சுல உறிஞ்சி அஞ்சாவது டோஸா போடற ட்ரிக் யூடியூபில் சுத்துது. கம்பெனியே நாலோட தூக்கிப் போடச் சொல்லுது, அளவும் சரியா வராது கிருமியும் சேரலாம், அவ டாக்டர் இதைக் கேட்டு நல்லாத் திட்டினாராம்.

அவளுக்கு என்னைவிட வேகமா இறங்குது, எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனா காரணம் இருக்கு. ஒண்ணு, மவுன்ஜாரோவுல இருக்கற டிர்செபடைட் ஜிஎல்பி-1, ஜிஐபின்னு ரெண்டு ஹார்மோன் வழியா வேலை செய்யுது, செமாக்ளூடைட் ஒரு வழிதான். நேருக்கு நேரா வச்சுப் பார்த்த ஆராய்ச்சிலயே டிர்செபடைட்டுக்கு 20.2 சதவீதம், செமாக்ளூடைட்டுக்கு 13.7 சதவீதம் எடை குறைஞ்சிருக்கு. ரெண்டாவது, சுகர் இருக்கறவங்களுக்கு எந்த மருந்தா இருந்தாலும் கொஞ்சம் கம்மியாத்தான் குறையும், செமாக்ளூடைட் வாரத்துக்கு 2.4 எம்ஜி ஊசில சுகர் இல்லாதவங்களுக்கு 68 வாரத்துல 14.9 சதவீதம் குறைஞ்சப்ப சுகர்காரங்களுக்கு 9.6 தான். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதினஞ்சு கிலோ குறைஞ்சது எனக்கு ஏன் குறையலன்னு மண்டையைக் குழப்பிக்கறவங்க முதல்ல அவங்களுக்கு சுகர் இருக்கான்னு கேளுங்க.

வயித்து உபாதை மாத்திரைலயும் உண்டு ஊசிலயும் உண்டு, மாத்திரைன்னா மைல்டுன்னு நினைக்க வேண்டாம், மருந்து ஒண்ணுதானே. டோஸ் ஏத்தற ஒவ்வொரு தடவையும் குமட்டல், சிலருக்கு வாந்தி, எனக்கு மலச்சிக்கல். வாழைத்தண்டு, இசப்கோல், தண்ணி, இதுல ஓட்டறேன். ஒரே வித்தியாசம், மாத்திரை ஒத்துக்கலன்னா மறுநாள் நிறுத்திடலாம்னு மனசுக்கு ஒரு தெம்பு இருக்கும், ஊசி போட்டுட்டா அந்த வாரம் பூரா அனுபவிச்சுத்தான் ஆகணும். ஆனா உண்மைல செமாக்ளூடைட் எப்படிப் போனாலும் உடம்பை விட்டு முழுசா போக அஞ்சு வாரம்கிட்ட ஆகும், ஸோ அந்தத் தெம்பும் பாதிதான்.

இன்னொண்ணு, சாப்பாடு குறையறப்ப சதையும் சேர்ந்து கரையுது. கல்யாண வீட்ல ரெண்டாவது தடவை சாம்பார் சாதம் வேண்டாம்னா "என்னடி உடம்பு சரியில்லையா"ங்கறாங்க, அது பரவால்ல, ஆனா ரெண்டு இட்லியோட நிறுத்திடற நாள்ல புரோட்டீன் எங்க இருந்து வரும்? இப்ப முதல்ல முட்டை, சுண்டல், தயிர், மீன், அதுக்கப்புறம் இடம் இருந்தா சோறுன்னு வரிசையை மாத்திட்டேன். தங்கச்சிக்கு முடி கொட்டினதும் வேகமா வெயிட் இறங்கினதாலதான்னு டாக்டர் சொன்னார்.

யாருக்கு ரெண்டுமே வேண்டாம்ங்கறதையும் சொல்லிடறேன். குடும்பத்துல மெடுல்லரி வகை தைராய்டு கேன்சர் இருந்தவங்க, கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது, கணைய வீக்கம் வந்தவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் முன்னாடியே சொல்லிடணும். (என் மாதிரி சாதாரண தைராய்டு குறைவுக்கும் அந்த கேன்சருக்கும் சம்பந்தம் இல்ல, பயப்படாதீங்க.) குழந்தை பெத்துக்கப் பிளான் பண்றவங்க செமாக்ளூடைட்டை குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும். மவுன்ஜாரோ போடறவங்க கர்ப்பத்தடை மாத்திரையை நம்பி இருந்தா, ஆரம்பிச்ச நாலு வாரமும் ஒவ்வொரு தடவை டோஸ் ஏத்தினப்புறம் நாலு வாரமும் கூட வேற பாதுகாப்பு வேணும், இதை யாரும் வாயைத் திறந்து சொல்றதே இல்ல. ஆபரேஷன் எதுவும் இருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, வயித்துல சாப்பாடு ரொம்ப நேரம் தங்கும் இந்த மருந்துல.

பழைய ஆர்லிஸ்டாட் மாத்திரை விலை கம்மியா இருக்கேன்னு சிலர் கேக்கறாங்க. அது பசியைத் தொடாது, சாப்பிட்ட கொழுப்புல முப்பது சதவீதம்கிட்ட செரிக்காம வெளிய தள்ளும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுட்டு அந்த மாத்திரை போட்டா பஸ்ல ஏற யோசிக்கணும், அவ்வளவுதான் சொல்வேன்.

வாட்ஸ்அப்ல "வெகோவி மாத்திரை வந்தாச்சு, ஊசி வேண்டாம்"னு ஒண்ணு சுத்துதே, வெகோவிங்கறது வெயிட்டுக்குன்னே வர செமாக்ளூடைட் பிராண்ட், அந்த மாத்திரை அமெரிக்கா சமாச்சாரம். 2025 டிசம்பர்ல அங்க 25 எம்ஜி செமாக்ளூடைட் மாத்திரைக்கு வெயிட் குறைக்கவே அனுமதி குடுத்தாங்க, 64 வாரத்துல 13.6 சதவீதம் குறைஞ்சிருக்கு, ஊசிக்குக் கிட்டத்தட்ட சமம். நம்ம 14 எம்ஜி ரைபெல்சஸும் அதுவும் ஒண்ணு இல்ல, அளவே வேற. அதுலயும் அந்த வெறும் வயிறு, அரை மணி நேரச் சட்டம் அப்படியே இருக்கு. சாப்பாடு, தண்ணி கட்டுப்பாடே இல்லாத ஆர்ஃபோர்கிளிப்ரான்னு ஒரு மாத்திரை, புரத வகையே இல்ல, ஆராய்ச்சில 72 வாரத்துல 11, 12 சதவீதம் குறைச்சிருக்கு. அது நம்ம ஊர் கடைல நியாயமான விலைக்குக் கிடைச்சா என் ஓட்டு மாறலாம்.

காசு. ஓசெம்பிக் வந்தப்ப 0.25 எம்ஜி மாசத்துக்கு 8,800, 0.5 எம்ஜி 10,170, 1 எம்ஜி 11,175. ரைபெல்சஸும் தினமும் ஒண்ணுன்னு கணக்குப் போட்டா அப்ப மாசத்துக்கு ஒம்பதாயிரத்துக்கு மேல வந்துச்சு, அதனால மாத்திரைன்னா சீப்புங்கறது கதை. மவுன்ஜாரோ பேனா ஆரம்ப டோஸே வந்தப்ப 14,000. 2026 மார்ச்ல செமாக்ளூடைட் பேட்டண்ட் இந்தியாவுல முடிஞ்சதும் நம்ம ஊர் கம்பெனிங்க வரிசையா இறங்கிட்டாங்க, விலை நல்லாவே இறங்குது, ஸோ மேல சொன்ன ரேட்டை வச்சு யாரும் பயந்துடாதீங்க, கடைல கேட்டுக்கங்க. ஆனா விலை குறைஞ்சுடுச்சேன்னு ரெண்டு மாசக் கோர்ஸ் மாதிரி நினைச்சு ஆரம்பிக்கறதும் சரியில்ல. நிறுத்தின ஒரு வருஷத்துல, குறைஞ்ச எடைல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சுன்னு ஆராய்ச்சி சொல்லுது, தொடர்ந்து அஞ்சாறு வருஷம் முடியுமான்னு வீட்ல உக்காந்து பேசிட்டு ஆரம்பிங்க.

ஸ்டார் கேக்கறவங்களுக்கு: மாத்திரைக்கு மூணு, ஊசிக்கு நாலு, அந்த ஒரு ஸ்டார் குறைஞ்சது ஃபிரிட்ஜுக்காக. தினமும் ஊர் சுத்தற வேலை, ஃபிரிட்ஜ் வசதி இல்ல, காலைல ஒண்ணும் சாப்பிடாம குடிக்காம இருக்கறது பழக்கம்னா உங்களுக்கு மாத்திரை மூணுல இருந்து நாலாகலாம். எனக்கு அடுத்த மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட் வந்ததும் டாக்டர் லோக்கல் பிராண்ட் செமாக்ளூடைட்டுக்கு மாத்தலாம்னு சொல்லியிருக்கார், அந்தப் பேனா எப்படி இருக்கு, திருச்சில என்ன ரேட்டுக்குத் தராங்கன்னு அப்ப எழுதறேன்.